வண்டு சுற்றும் தண்ணீர்

இடாலினாவின் கைகள் முழங்கை வரை சேற்றில் இருந்தன. ஆற்றில் மிச்சமிருந்த கடைசி மடு அது. ஒரு மாட்டுத்தோலை விரித்துப் போட்டால் மூடிவிடும். பொத்தலிட்ட சுரை ஓட்டைச் சேற்றுக்கு மேலாக மெல்ல இழுத்து, தூக்கி, இரண்டு ஆட்டு ஆட்டி, தண்ணீர் வடிந்ததும் விரலால் கிளறிப் பார்த்தாள். கறுப்புச் சுற்றுவண்டுகள் ஓட்டின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அள்ளிப் பக்கத்திலிருந்த தகர டின்னில் போட்டாள். தட்டான்பூச்சியின் குஞ்சு ஒன்று, சேறு பூசிய உடம்பும் பிதுங்கிய கண்ணுமாகச் செத்ததுபோல் கிடந்தது. வாலை நகத்தால் தட்டினாள். துள்ளியது. அதுவும் டின்னுக்குள் போயிற்று. மல்லாந்து நீந்தும் பூச்சியை மட்டும் இலையால் வழித்து எடுத்தாள். அது கொட்டினால் குளவி கொட்டிய மாதிரி இருக்கும். கட்டைவிரல் நீளக் கடிப்பூச்சி ஒன்று வந்தபோது அதைத் தூரக் கரையில் வீசினாள். விட்டால் மற்றதையெல்லாம் உறிஞ்சித் தீர்த்துவிடும்.

"என்ன இடாலினா, மத்தியானச் சாப்பாடா?" கழுதையை ஓட்டிக்கொண்டு கரையில் போன பெலார்மினோ கேட்டான்.

"உன்னைத்தான் விருந்துக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

"அப்ப பொரிச்சு வை. காலெல்லாம் மொறுமொறுன்னு இருக்கணும்."

"மொறுமொறுப்புக்கு உனக்குப் பல்லு எங்கடா இருக்கு?"

அவன் மிச்சமிருந்த பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனான். இடாலினா டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் தோண்டி முடித்த ஊற்றை நோக்கி மணலில் நடந்தாள். ஊற்றில் தண்ணீர் தெளிந்திருந்தது. டின்னைச் சாய்த்துப் பூச்சிகளை மெதுவாக விட்டாள். வண்டுகள் முதலில் சிதறின. பிறகு ஒன்றையொன்று தேடிக்கொண்டு வட்டம் போட ஆரம்பித்தன. நாளை முதல் ஆட்கள் வரலாம்.

உம்புரானா ஊரில் ஆறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். மழை நின்று சில வாரங்களில் அங்கங்கே மடுவாகத் தேங்கும். மடுவும் வற்றினால் மணல்தான். மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கும். தோண்டி, ஆடு இறங்காமல் முள்வேலி போட்டு, சரிவாகப் படி வெட்டினால் ஊற்று. ஆனால் வெறும் தண்ணீரை அங்கே யாரும் குடிக்க மாட்டார்கள். மடுவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விட வேண்டும். பூச்சி உயிரோடு இருந்தால் தண்ணீரில் விஷம் இல்லை, உப்பு மிஞ்சவில்லை, பாம்பு செத்துக் கிடக்கவில்லை என்று அர்த்தம். மொள்ளும்போது சுரை ஓட்டால் ஒரு தள்ளு தள்ளினால் வண்டுகள் விலகும். விலகிய இடத்தில் மொள்ள வேண்டும். தப்பித்தவறி ஒன்று பானைக்குள் வந்துவிட்டால் எடுத்துத் திரும்ப ஊற்றில் விடுவார்கள். நசுக்க மாட்டார்கள்.

எல்லா இடத்திலும் நல்ல தண்ணீர் வராது. இடாலினாவின் வீட்டுக்கு எதிரே, முழங்கையை மடக்கியதுபோல் ஆறு திரும்பும் இடத்தில் தோண்டினால் இனிப்பான தண்ணீர் கிடைக்கும். அதில் அவள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அவளுடைய அப்பா வீட்டை அங்கே கட்டிவைத்தார், அவ்வளவுதான். ஆற்றின் மேற்பக்கம் பனைகளுக்கு அருகில் கித்தேரியாவின் ஊற்று. அதில் உப்புக் கரிக்கும். கழுதைகூட உதட்டைத் தூக்கிக்கொண்டுதான் குடிக்கும்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது இடாலினாவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவராகத் தெற்கே சாவோ பாவுலோவுக்கு லாரி ஏறிப் போனார்கள். ஒருவர் இருக்க வேண்டியிருந்தது, இவள் இருந்தாள். பெரிய உடம்பைத் தூக்கக் கூடாது, உருட்ட வேண்டும் என்பதையும், நிமிர்த்தும்போது தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதையும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது தானே தெரிந்துகொண்டாள். அப்பாவுக்குப் பிறகு அம்மா, நினைவு தப்பி, மகளை மகள் என்று தெரியாமல் வெகுகாலம் இருந்தாள். அதற்குள் ஊரில் யார் வீட்டில் யார் படுத்தாலும் இடாலினாவைக் கூப்பிடும் பழக்கம் வந்துவிட்டது. பெலார்மினோவின் மனைவி கடைசி மாதம் முழுக்க இவள் கையால்தான் சோளக்கஞ்சி குடித்தாள். செத்ததும் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டவளும் இவள்தான். ஒரு கோழியோ, உப்புப் போட்டு உலர்த்திய ஆட்டுக்கறியோ கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வாள். நோயாளி எழுந்துவிட்டாலோ போய்ச் சேர்ந்துவிட்டாலோ அந்த வீட்டில் அவளுக்கு வேலை இல்லை. பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நோய் தீர்ந்த வீட்டில் யாரும் படுக்கையைச் சுருட்டி வைக்கத்தான் செய்வார்கள்.

மழைக்காலம்தான் அவளுக்குக் கடினம். மற்றவர்களுக்கு ஆறு ஓடும் மாதங்கள் திருவிழா மாதிரி. சோளம் விளையும், அவரை காய்க்கும், கூரையில் விழும் தண்ணீர் பானை பானையாக நிறையும். யாருக்கும் ஊற்று வேண்டாம். இடாலினாவின் வீடு ஆற்றுக்கு அப்பால் ஒற்றையாக நிற்கும். வெள்ளம் இறங்கும்வரை யாரும் கடந்து வர மாட்டார்கள். வெள்ளம் இறங்கிய பிறகும் வர ஒரு காரணம் வேண்டுமே. ராத்திரியெல்லாம் தவளைச் சத்தம். பகலில் ஆட்டை அதட்டும் சத்தம் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது. ஒருமுறை வெகுநாள் கழித்துத் தபால்காரன் வந்தபோது பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

மார்ச்சில் புனித சூசையப்பர் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தி ஏற்றி மழை கேட்கும். இடாலினாவும் மெழுகுவர்த்தியோடு நிற்பாள், வாயை மூடிக்கொண்டு. மழை வேண்டாம் என்று அவள் ஒருநாளும் வேண்டியதில்லை. அவ்வளவு கெட்டவள் இல்லை. வேண்டும் என்று கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை.

ஆறு வற்றினால் விடியலில் ஊரே அவள் வாசலுக்கு வரும். வெளிச்சம் வருமுன் அவள் எழுந்து, ஊற்றில் சரிந்த மணலை அள்ளி வெளியே போட்டு, கரையில் மூன்று கல் கூட்டிக் காப்பிப் பானையை ஏற்றிவிடுவாள். கழுதைகளின் மேல் பீப்பாய் ஆடும் சத்தம் முதலில் கேட்கும். பிறகு பெண்கள் வருவார்கள். யார் ஆடு யார் வேலியைத் தின்றது, யார் புருஷன் கடற்கரைக் கரும்புத் தோட்டத்திலிருந்து பணம் அனுப்பவில்லை, யார் மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே பாவாடை இறுக்குகிறது, எல்லாம் ஊற்றுக் கரையில்தான். இடாலினா அதிகம் பேச மாட்டாள். காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். வெயில் கள்ளிச்செடிக்கு மேலே ஏறியதும் எல்லோரும் போய்விடுவார்கள். ஊற்று மெதுவாகத் தானே ஊறி நிறைந்துகொண்டிருக்கும்.

சாயங்காலங்களில் அவள் கரையில் உட்கார்ந்திருப்பாள். இருட்டத் தொடங்கும்போது எங்கிருந்தோ முங்குவண்டுகள் பறந்து வந்து கூழாங்கல் விழுந்ததுபோல் தண்ணீரில் விழும். விழுந்த வேகத்தில் அடிக்குப் போய், பின்னால் ஒரு காற்றுக் குமிழியோடு மேலே வரும். எந்த மடு எங்கே வற்றியதால் கிளம்பினவையோ. ஊற்றை இன்னும் ஆழமாக்கும் நாட்களில் ஈர மணலுக்குள் சுருண்டு கிடக்கும் தட்டான் குஞ்சுகள் மண்வெட்டியில் வரும். அவை மழையை எதிர்பார்த்துப் புதைந்திருப்பவை. அவற்றைத் தொந்தரவு செய்யாமல் வேறு இடத்தில் ஈரம் பார்த்து மூடிவைப்பாள்.

அந்த வருஷம் வறட்சி நீண்டது. நவம்பரிலும் வானம் வெளுத்தே இருந்தது. ஒருநாள் காலை ஜுசிலேனி வரவில்லை. இருபது வயதுப் பெண் அவள். புருஷன் கரும்பு வெட்டப் போயிருந்தான். வீட்டில் அவளும், நடக்கப் பழகிக்கொண்டிருந்த பெண்குழந்தை ராயிசாவும்தான்.

"ஜுசிலேனி எங்க, காணோம்?" இடாலினா கேட்டாள்.

மொண்டுகொண்டிருந்த பெண் நிமிராமல் சொன்னாள்: "பிள்ளைக்கு வயித்தால போகுதாம். தண்ணிதான் சேரலங்கிறா."

யாரும் இடாலினாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்காமல் இருந்ததுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் காலை கழுதைகள் குறைந்திருந்தன. காப்பி மிஞ்சியது. அடுத்த நாளும் மிஞ்சினால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே அதை மணலில் கொட்டினாள். ஊற்றுக்கு ஆள் வராவிட்டால் அவள் வாசலுக்கு வரவேண்டிய வேலை இந்த உலகத்தில் ஒருவருக்கும் கிடையாது.

அன்று மத்தியானம் சுகாதாரப் பணிப்பெண் மரினால்வா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்து ஊர்ப் பெண், வீடு வீடாகப் போகிறவள். பையிலிருந்து, குடிதண்ணீரில் விடும் குளோரின் மருந்து இருந்த சின்னப் பிளாஸ்டிக் புட்டி ஒன்றை எடுத்தாள்.

"இடாலினா அக்கா, போன தடவை குடுத்ததைப் போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. ஒரு லிட்டருக்கு ரெண்டு சொட்டு. அரைமணி நேரம் வச்சிட்டுக் குடிக்கணும். பானைக்குத்தான், கேட்டுதா?"

"காது நல்லாத்தான் கேக்குது. காப்பிதான் நாறுது."

"காப்பி நாறினா பரவால்ல, வயிறு நாறக் கூடாது." சிரித்துவிட்டு அவள் ஜுசிலேனி வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள்.

இடாலினா புட்டியை வழக்கம்போல் மாதா சிலைக்குப் பின்னால் வைக்கப் போனாள். அங்கே பழைய புட்டிகள் வரிசையாக நின்றன. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் நின்றன. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பானை பானையாகச் சொட்டு விடுவது என்ன வைத்தியம்? ஆளுக்கு நோய் வந்தால் ஆளுக்கல்லவா மருந்து கொடுக்க வேண்டும், அவன் சாப்பிடும் கரண்டிக்கா? தண்ணீரில் கோளாறு என்றால் தண்ணீர் இருக்கும் இடத்திலேயே தீர்த்துவிடலாம். பொழுது சாயும் நேரத்தில் அத்தனை புட்டிகளையும் பாவாடை மடியில் அள்ளிக்கொண்டு போய், ஒன்றுவிடாமல் ஊற்றில் ஊற்றி, ஒரு கம்பால் கலக்கினாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வந்து படுத்தாள்.

காலையில் தண்ணீர் அவள் பார்த்ததிலேயே தெளிவாக இருந்தது. அடிமணல் ஒவ்வொரு பொடியும் தெரிந்தது. மேலே சுற்றுவண்டுகள் ஓரமாக ஒதுங்கி, கறுப்புப் பயறு கொட்டியதுபோல் கிடந்தன. ஒன்றும் சுற்றவில்லை. மல்லாந்து நீந்தும் பூச்சிகள் செத்த பிறகு குப்புறப் புரண்டிருந்தன. தட்டான் குஞ்சுகள் அடியில் வெளுத்துக் கிடந்தன. அவள் சுரை ஓட்டால் அவசர அவசரமாக அள்ளி மணலில் போட்டாள். முடிப்பதற்குள் பீப்பாய்ச் சத்தம் கேட்டது.

முதலில் வந்தவன் பெலார்மினோ. வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன் மணலில் கிடந்த கறுப்புக் குவியலைப் பார்த்தான். கழுதையின் கயிற்றை இழுத்து நிறுத்தினான். பின்னால் வந்த பெண்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு இந்தப் பாவத்தைச் செஞ்சது?" என்றாள் ஒருத்தி. "மீனை மயக்குற கொடியை அரைச்சுப் போட்டிருக்கானுங்க."

"இந்த மணல்ல மீனு எங்க இருக்கு?"

"அப்ப ஆளுக்குத்தான் போட்டிருக்கான்."

இடாலினா வாயைத் திறக்கவில்லை. மருந்து ஊற்றினேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் மருந்து ஊற்றினாள் என்றால் அவளுடைய தண்ணீருக்கு நோய் என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும். பிறகு யார் குடிப்பார்கள்? விஷம் வைத்த கதை என்றால் பழி வேறு யார் மேலோ போகும், நாலு நாளில் மறந்துபோகும். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கழுதைகள் திரும்பின. மேற்பக்கம், பனைகளை நோக்கி, வெறும் பீப்பாய்கள் ஆடிக்கொண்டு போயின.

அன்று முழுக்க அவள் ஊற்றை இறைத்தாள். டின் டின்னாக மொண்டு தூரக் கொண்டுபோய் ஊற்றி, அடிமணலைச் சுரண்டி வெளியே போட்டு, வேறு மணல் கொண்டுவந்து பரப்பினாள். சாயங்காலத்துக்குள் தண்ணீர் மறுபடி ஊறியது. அவள் மொண்டு குடித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் குடித்ததைப் பார்க்க யாரும் இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல் காப்பி போட்டாள். காப்பி கொதித்து, ஆறி, ஆடை படிந்தது. அதற்கு மறுநாளும் போட்டாள். வற்றாத மடு சுற்றுவட்டாரத்தில் எதுவும் மிச்சமில்லாததால் அந்திநேரத்தில் பறந்து வந்து விழ வண்டும் இல்லை. ஊற்று நிறைய வானம் மட்டும் தெரிந்தது. கைப்பிடி மணலை எடுத்து அதில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அடுத்த நாள் காலை அவள் காப்பி போடவில்லை. டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு மணல் வழியே மேற்பக்கம் நடந்தாள்.

கித்தேரியாவின் ஊற்றைச் சுற்றிக் கழுதைகள் நெருக்கிக்கொண்டு நின்றன. கித்தேரியா குழிக்குள் இறங்கி, குனிந்து, ஓட்டால் மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இடாலினாவின் வயதுதான் அவளுக்கும். ஆனால் குரல் பாறையில் தகரம் உரசும் குரல்.

"அட, இனிப்புத் தண்ணிக்காரி வந்திருக்கா!" என்றான் பெலார்மினோ. "வழி விடுங்கடி, வழி விடுங்க."

"வழி வேண்டாம். வரிசையில நிக்கிறேன்."

"என்னடி, உன் தண்ணி தித்திச்சுத் திகட்டிருச்சா?" குழிக்குள்ளிருந்து கித்தேரியா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

இடாலினா வரிசையின் கடைசியில் டின்னை இறக்கிவைத்தாள். முன்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பாவாடை இறுகின பெண்ணுக்கு அவசரமாகக் கல்யாணம் வைத்திருக்கிறார்களாம். பாதிரியார் மோட்டார்சைக்கிளில் ஆணி ஏறிவிட்டதாம். அவள் காது பட்டினி கிடந்ததுபோல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. இப்படியே வரிசை நகராமல் இருந்தாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

அப்போது ஜுசிலேனி குடத்தோடு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ராயிசா எப்படியிருக்கா?" இடாலினா கேட்டாள்.

"நிக்கல அக்கா. குடிச்சாலும் கக்கிடுறா."

"ஒண்ணுக்குப் போறாளா?"

"கொஞ்சமா."

"அழும்போது கண்ணுல தண்ணி வருதா?"

"வருது."

"அப்ப பயமில்ல. கொஞ்சம் கொஞ்சமாக் குடு. கரண்டி கரண்டியா."

ஜுசிலேனி தலையாட்டினாள். பிறகு குடத்தைக் கீழே வைத்தாள். "உங்க ஊத்துல யாரோ விஷம் போட்டாங்களாமே அக்கா. எம் பிள்ள குடிச்சதும் அதுதானா? முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக்கிட்டு இருந்தானா அந்தப் பாவி? விஷம்னா நான் என்ன பண்ணுவேன், எங்க தூக்கிட்டு ஓடுவேன்?"

இடாலினாவுக்கு நோயாளிகளின் வீட்டுப் பயம் பழக்கம். இந்தப் பயம் அவளே கொண்டுவந்து வைத்தது.

"விஷம் இல்ல," என்றாள். "நான்தான். மரினால்வா குடுத்த மருந்து. புட்டி அத்தனையும் ஊத்துல ஊத்திட்டேன்."

ஒரு கழுதை காதை உதறிக்கொண்டது.

"ஊத்துக்கே வயித்து மருந்தா?" பெலார்மினோதான் முதலில். "ஐயோ பாவம், உன் ஊத்துக்கு எத்தனை தடவை போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நிற்கவில்லை. ஜுசிலேனி மட்டும் சிரிக்கவில்லை.

"எதுக்கு அக்கா ஊத்துனீங்க?"

"உம் பிள்ளைக்கு முடியலன்னு சொன்னாங்க."

"அப்ப உங்க தண்ணிதான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

"தெரியாது. இப்பவும் தெரியாது. தெரிஞ்சா சொல்லிருவேன்."

கித்தேரியா குழியிலிருந்து மேலே ஏறி வந்தாள். பாவாடை முழங்கால் வரை ஈரம். "இத்தனை நாளா வாயில என்னடி வச்சிருந்தே? என் ஊத்து அடிதட்டிப் போச்சு. ஊருல உள்ள கழுதையெல்லாம் இங்கதான். எங்க ஆடு கத்துது. நீ வாயத் திறக்காததுக்கு நான் மணலைச் சுரண்டணுமா?"

"அதுக்குத்தான் வந்தேன். எனக்குக் கொஞ்சம் பூச்சி வேணும், கித்தேரியா."

ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லாததால் அவள் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். அவர்களுக்கும் அவள் கேட்டுப் பழக்கமில்லை.

பூச்சி கேட்பவள் கொடுப்பவளின் ஊற்றில் எல்லோரும் பார்க்க ஒரு ஓடு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அள்ள வேண்டும். அந்தத் தண்ணீரை நம்புகிறேன் என்று அதற்குப் பொருள். இடாலினா வாழ்நாளில் அந்த ஊற்றில் வாய் வைத்ததில்லை. கித்தேரியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். இடாலினா படியில் இறங்கி, வண்டுகளை விலக்கி, மொண்டு குடித்தாள்.

"கரிக்குதா?"

"கரிக்குது."

"நல்லா முழுசாக் குடி."

முழுவதும் குடித்தாள். பெலார்மினோ, "ஆமென்" என்றான். பிறகு அவள் குனிந்து அள்ளினாள். சுற்றுவண்டு கொஞ்சம், முங்குவண்டு கொஞ்சம். தட்டான் குஞ்சுகளை அள்ளும்போது, "எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போயிராதே, நானும் குடிக்கணும்" என்று கித்தேரியா மேலேயிருந்து சத்தம் போட்டாள். இடாலினா டின்னின் வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். யாரும் கூட வரவில்லை. வெயிலில் மணல் சுட்டது. வழியில் இரண்டு முறை நின்று, தன் உடம்பின் நிழலில் டின்னை வைத்து ஆறவிட்டாள். ஊற்றில் விட்டபோது எல்லாம் ஒரே முங்கலாக அடிக்குப் போய் மறைந்துவிட்டன. அவள் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கால் மரத்துப்போகும் நேரத்தில் ஒரு வண்டு மேலே வந்தது. பிறகு இன்னொன்று.

மறுநாள் விடிந்ததும் பெலார்மினோ வந்தான். ஊற்றுக்குள் எட்டிப் பார்த்தான். வண்டுகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. ஆனாலும் முதலில் மொண்ட ஓடு தண்ணீரை அவன் குடிக்கவில்லை, கழுதைக்குக் காட்டினான். கழுதை மூக்கை நுழைத்து உறிஞ்சிக் குடித்தது. அவன் கொஞ்ச நேரம் கழுதையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேசாம இதைக் கல்யாணம் பண்ணிக்கோ," என்றாள் இடாலினா.

"கேட்டுப் பாத்தேன். பல்லு இல்லாதவன் வேணாங்குது," என்று சொல்லிவிட்டுப் பீப்பாயை நிரப்பினான். அவனுக்குப் பிறகு சில பெண்கள் வந்தார்கள். சிலர் கித்தேரியாவின் ஊற்றுக்கே போய்விட்டார்கள் என்று தெரிந்தது. வந்தவர்களும் சீக்கிரம் மொண்டுகொண்டு, சீக்கிரம் கிளம்பினார்கள். ஜுசிலேனி வரவில்லை.

வெயில் ஏறியதும் இடாலினா டின்னை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு ஜுசிலேனியின் வீட்டுக்குப் போனாள். குழந்தை வலைத்தூளியில் படுத்திருந்தது. முதலில் அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். தோல் உடனே படிந்தது. உதடு காயவில்லை. ஜுசிலேனி கலக்கி வைத்திருந்த உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு அதிகம். கீழே கொட்டிவிட்டு, வீட்டுப் பானையில் கொதித்து ஆறியிருந்த தண்ணீரை எடுத்து அளவாகக் கலந்து கொடுத்தாள்.

"நான் கொண்டுவந்ததை எதுல ஊத்தட்டும்?" என்று கேட்டாள்.

ஜுசிலேனி டின்னுக்குள் பார்த்தாள். முகர்ந்தாள். குடிதண்ணீர்ப் பானையின் மூடியைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டு, மூலையிலிருந்த துணி துவைக்கும் தொட்டியைக் காட்டினாள்.

"இதுல ஊத்துங்க அக்கா."

இடாலினா ஊற்றினாள். தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையின் அழுக்குத் துணிகள் குவிந்து கிடந்தன. வீட்டில் ஆள் முடியாமல் கிடந்தால் துணி எவ்வளவு சேரும் என்று அவளுக்குத் தெரியும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சோப்புக் கட்டியை எடுத்து, குனிந்து துவைக்க ஆரம்பித்தாள். ஜுசிலேனி வேண்டாம் என்று சொல்லவில்லை. கரண்டியால் பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். துவைத்ததையெல்லாம் முள்வேலியில் கிழியாமல் விரித்துப் போட்டுவிட்டு, இடாலினா வெறும் டின்னை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.